கிராக் சாஃப்ட்வேரை ஓட்டிவிட்டீர்களா? கணினியைச் சுத்தம் செய்யும் வரிசை

ஃபோட்டோஷாப்போ, ஆபீஸோ, ஏதோ ஒரு கேமோ. கிராக்கை (பணம் கட்டாமல் ஓட்டுவதற்காகப் பூட்டை உடைத்த பதிப்பை) இறக்கி, கூடவே வந்த குறிப்பில் சொன்னபடி ஆன்டிவைரஸை அணைத்து, ஓட்டியும் பார்த்தாயிற்று. இப்போது மனசு அடித்துக்கொள்கிறது. இந்த நிலையில் பலரும் நேராக ஸ்கேனுக்குத்தான் போவார்கள். அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள், அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது.

படி 1: ஓடியதா, இல்லையா?

கோப்பை இறக்கியது மட்டும்தான், திறக்கவே இல்லை என்றால் அழித்துவிட்டு ஒரு ஸ்கேன் போட்டால் போதும். டபுள் கிளிக் செய்து, "அனுமதிக்கலாமா?" என்று விண்டோஸ் கேட்டதற்கு 'யெஸ்' கொடுத்திருந்தால், ஓடிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிளிக் செய்தும் திரையில் ஒன்றுமே வரவில்லை என்றால் நிம்மதி அடையாதீர்கள். சத்தமில்லாமல் வேலை பார்ப்பவைதான் அதிகம்.

படி 2: நெட்டைத் துண்டியுங்கள்

வைஃபையை அணையுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்குங்கள். பேக்கப் வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் எதையும் இப்போது செருக வேண்டாம். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் 'ஸ்டாப்' வகை ரேன்சம்வேர் பெரும்பாலும் கிராக், கீஜென் (போலி லைசென்ஸ் எண் தரும் நிரல்) வழியாகத்தான் பரவியது. செருகியிருக்கும் டிஸ்க்கில் உள்ளதையும் அது விடாது.

படி 3: பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள்

அந்த அவசர வேலை இதுதான். இன்று கிராக்கோடு அதிகம் வருபவை தகவல் திருடிகள். ரெட்லைன், விடார், லும்மா எல்லாம் இந்த வகைதான். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, கார்டு விவரம், குக்கி (நீங்கள் லாகின் செய்திருப்பதைத் தளத்துக்கு நினைவூட்டும் சிறு பதிவு) எல்லாவற்றையும் சில நிமிடங்களில் சுருட்டி அனுப்பிவிடும். சில வகைகள் அதற்குப் பிறகு தம்மைத்தாமே அழித்துக்கொள்ளும். அப்புறம் ஸ்கேன் போட்டால் 'எல்லாம் சுத்தம்' என்றுதான் வரும்! 2025 மே மாதம் லும்மாவை முடக்கியபோது, முந்தைய இரண்டு மாதங்களில் மட்டும் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அது புகுந்திருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது.

குக்கி போனால் என்ன ஆகும்? நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்த நிலையே திருடனுக்குக் கிடைத்துவிடுகிறது. அவனிடம் ஓடிபி கேட்காது. ஆகவே பாஸ்வேர்டை மாற்றுவதோடு நிறுத்தாமல், எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக் அவுட் செய்ய வேண்டும்.

மொபைலை எடுத்து இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் ஜிமெயில், ஏனென்றால் மற்ற கணக்குகளின் சாவியெல்லாம் அங்கேதான் வரும். கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதியில் கருவிகளின் பட்டியல் இருக்கும், கையிலிருக்கும் மொபைலைத் தவிர மற்றதையெல்லாம் வெளியேற்றுங்கள். மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல் உங்களுடையதுதானா, மெயில் வேறு யாருக்காவது ஃபார்வர்டு ஆகிறதா என்றும் பாருங்கள். அடுத்து வங்கிக் கணக்கு. பிறகு வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்', டெலிகிராமில் 'டிவைசஸ்', ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம். பணம் ஏற்கெனவே போயிருந்தால், இந்தியாவில் இருப்பவர்கள் வங்கிக்குச் சொல்லிவிட்டு உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

படி 4: இப்போது ஸ்கேன்

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்' பகுதிக்குப் போங்கள். முதலில் 'மேனேஜ் செட்டிங்ஸ்' உள்ளே 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலைப் பாருங்கள். நீங்கள் சேர்க்காத ஃபோல்டர் அங்கே இருந்தால், 'இதைப் பார்க்காதே' என்று மால்வேரே (கெடுதல் செய்யும் நிரலே) எழுதி வைத்திருக்கலாம். அதை நீக்குங்கள். பிறகு 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' உள்ளே ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி மறுதொடக்கம் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே சோதிக்கும். சுமார் 15 நிமிடம்.

'ஹேக்டூல்' என்று பெயர் காட்டினால், 'கிராக் என்றாலே இப்படித்தான் காட்டும்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தப் பெயர் கிராக்கைச் சொல்கிறது, அதற்குள் வேறு என்ன இருந்தது என்பதைச் சொல்வதில்லை.

விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரே திறக்கவில்லையா? அதுவே பதில், உள்ளே ஏதோ புகுந்திருக்கிறது. 2021-இல் அவாஸ்ட் நிறுவனம் விவரித்த 'கிராக்கோனோஷ்' திருட்டு கேம்களோடு வந்து, கணினியை சேஃப் மோடில் எழுப்பி டிஃபெண்டரை அழித்துவிட்டு, பின்னணியில் மொனீரோ என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டிக்கொண்டிருந்தது.

படி 5: விண்டோஸை மறுபடி நிறுவுங்கள்

கிராக் ஓடிய கணினியில் நெட் பேங்கிங் செய்வதாக இருந்தால், ஸ்கேன் சுத்தம் என்று சொன்னாலும் நான் இதையே பரிந்துரைப்பேன். சலிப்பான வேலைதான், ஒரு மாலை போய்விடும். வேறு ஒரு நல்ல கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 'மீடியா கிரியேஷன் டூல்' இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸை ஏற்றிக்கொள்ளுங்கள். படங்கள், ஆவணங்களை மட்டும் பேக்கப் எடுங்கள். அதற்கென்று காலியான ஒரு பென் டிரைவைப் பயன்படுத்துங்கள், பழைய பேக்கப் டிஸ்க் வேண்டாம். இன்ஸ்டால் கோப்புகள், ஜிப்கள், அந்தக் கிராக் எதுவும் கூட வரக்கூடாது. நிறுவும்போது விண்டோஸ் இருந்த டிஸ்க்கின் பழைய பார்ட்டிஷன்களை அழித்துவிடுங்கள். டி டிரைவ் தனி டிஸ்க்காக இருந்தால் அதையும் ஸ்கேன் செய்த பிறகே திறங்கள்.

படி 6: சாஃப்ட்வேர் தேவை அப்படியே இருக்கிறதே?

ஆபீஸுக்கு லிப்ரே ஆபீஸ், படம் திருத்த கிம்ப், வரைய கிரிட்டா அல்லது இங்க்ஸ்கேப். வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே நிறையச் செய்யும், ஆனால் சுமாரான கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் திணறும். அப்படிப்பட்ட கணினிக்கு ஷாட்கட் போதும். எதையும் அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். கூகுளில் தேடும்போது மேலே விளம்பரமாக வரும் லிங்க்குகளில் போலித் தளங்களும் கலந்திருப்பதுண்டு.