விழாவை விளாவாக்காமல் எழுதுவது எப்படி? தமிழ்ப் பிழைதிருத்திகளுக்கு ஒரு தொடக்கப் பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்க் கோவிலின் தைப்பூசக் காவடி அழைப்பிதழைத் தட்டச்சு செய்யும் வேலை என்னிடம் வந்தது. மேலே தமிழ், கீழே பிரெஞ்சு. பிரெஞ்சுப் பகுதியை இரண்டு முறை சரிபார்த்தேன். தமிழ்ப் பகுதி மூன்றே வரி என்பதால் விட்டுவிட்டேன். அச்சாகி வந்ததைக் கையில் வாங்கிப் படித்த குருக்கள், "பழம் எப்போது பறிப்பீர்கள், தம்பி?" என்று கேட்டார். "காவடி விளா" என்று அடித்திருக்கிறேன். விளா என்பது விளாம்பழம் காய்க்கும் மரம்.

மொரீஷியஸில் நம்மில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல். ல, ள, ழ மூன்றும் நம் காதில் ஒரே ஒலியாகத்தான் விழுகின்றன. பள்ளியில் படித்த தமிழை ஆண்டுக்கு நாலைந்து முறை எடுத்து எழுதுகிறோம். ஆகவே பிழைதிருத்தி நமக்கு வேண்டும். ஆனால் அது எதைப் பிடிக்கும், எதைக் கண்டுகொள்ளாமல் விடும் என்பது தெரியாமல் நம்பினால் மறுபடியும் பழம் பறிக்க வேண்டியதுதான்.

முதல் படி: எழுத்துருவைப் பாருங்கள்

பழைய கோப்புகள் பல பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கும். பிழைதிருத்திக்கு, எல்லாக் கணினிகளும் ஏற்கும் பொது எழுத்து முறையான யூனிக்கோடில் உள்ள தமிழ் மட்டுமே புரியும். கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேட் போன்ற வெறும் எழுத்துச் செயலியில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே தெரிந்தால் யூனிக்கோடு. ஆங்கில எழுத்துகளின் குவியலாக மாறினால், இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

யூனிக்கோடிலும் ஒரு கண்ணி இருக்கிறது. "ஔவை" என்பதை ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்து "ஒளவை" என்று எழுதுபவர்கள் உண்டு. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினிக்கோ அவை இரண்டும் வேறு வேறு சொற்கள்.

இரண்டாம் படி: எழுத்துப் பிழை

எழுதும்போதே திருத்தாதீர்கள், சிந்தனை அறுந்துவிடும். எழுதி முடித்து, முடிந்தால் ஓர் இரவு கழித்துத் தொடங்குங்கள். நீச்சல்காரன் என்ற புனைபெயரில் இயங்கும் தமிழ் நிரலாளர் உருவாக்கிய "வாணி" என்னும் பிழைதிருத்தி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பெட்டியில் உங்கள் பத்தியை ஒட்டி, திருத்தும் பொத்தானை அழுத்தினால் போதும், ஐயத்துக்குரிய சொற்களைத் தனியே காட்டும். முழுக் கட்டுரையையும் ஒரேயடியாகக் கொட்டாமல் பத்தி பத்தியாகப் போடுங்கள். கோவில் கணக்கு, பிறர் முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றை இணையக் கருவி எதிலும் ஒட்ட வேண்டாம்.

பழகிக்கொள்ள இதைப் போட்டுப் பாருங்கள்:

"நேற்று கோவிலில் காவடி விளா நடந்தது. அந்த பாதையில் பக்த்தர்கள் நடந்து வந்தனர். இரை அருளால் மழை இல்லை."

"பக்த்தர்கள்" உடனே மாட்டும், ஏனென்றால் அப்படி ஒரு சொல்லே தமிழில் இல்லை. "விளா" தப்பிக்கும். "இரை"யும் தப்பிக்கும். இரண்டும் அகராதியில் இருக்கும் நல்ல தமிழ்ச் சொற்கள். இறையருளைப் புலி தின்னும் இரையின் அருளாக்கி இருக்கிறீர்கள் என்பது கருவிக்குத் தெரியாது.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. "வந்துவிட்டிருந்தால்கூட" என்று சரியாக எழுதியதைக் கருவி பிழை என்று காட்டலாம். தமிழில் ஒரே வினைச்சொல் விகுதிமேல் விகுதி ஏற்று எத்தனையோ வடிவங்கள் எடுக்கும், எல்லாவற்றையும் பட்டியலில் அடைக்க முடியாது. எனவே காட்டிய இடத்தில் நின்று பாருங்கள், காட்டியதற்காகவே மாற்றாதீர்கள்.

நம் ஊர்ப் பெயர்களைக் கண்டால் எந்தக் கருவியும் திணறும். போர்ட் லூயிஸ் என்று எழுதுவதா, நாம் சொல்வதுபோல் போர் லூயி என்று எழுதுவதா? நாட்டின் பெயரையே மொரீஷியஸ், மொரிசியஸ், மோரீசு என்று மூன்று விதமாக எழுதுகிறோம். ஏதாவது ஒன்றை முடிவு செய்து ஒரு தாளில் குறித்து வைத்து, கடைசிவரை அதையே எழுதுங்கள். ஆட்பெயரில் இன்னும் கவனம் தேவை. ஆறுமுகம் இங்கே ஆர்மூகம் ஆகிப் பதிவேட்டில் நிலைத்துவிட்டார். தமிழில் எதை எழுதுவது என்று அந்த வீட்டாரைத்தான் கேட்க வேண்டும்.

மூன்றாம் படி: சந்தி

சந்திப் பிழையைக் காட்ட "நாவி" என்ற கருவி இருக்கிறது, அதுவும் நீச்சல்காரன் உருவாக்கியதே. மேலே தந்த பயிற்சிப் பத்தியில் "அந்த பாதையில்" என்பது "அந்தப் பாதையில்" என்று வர வேண்டும். அந்த, இந்த, எந்த என்ற சொற்களுக்குப் பின்னும், வேற்றுமை உருபுகளான ஐ, கு ஆகியவற்றுக்குப் பின்னும் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். இந்த இரண்டு விதிகளைத் தெரிந்துகொண்டாலே சந்திப் பிழையில் பெரும்பகுதி போய்விடும்.

ஆனால் இதைப் பாருங்கள். தைப்பூசக் கதையை எழுதும் மாணவர், "அன்னை முருகனுக்கு வேலை கொடுத்தாள்" என்று எழுதுகிறார். இங்கே வேல் என்னும் ஆயுதத்தோடு ஐ சேர்ந்திருப்பதால் "வேலைக் கொடுத்தாள்" என்று வர வேண்டும். ஒற்று இல்லாவிட்டால் பார்வதி மகனுக்கு உத்தியோகம் பார்த்துக் கொடுத்தாள் என்றாகிவிடும். இரண்டு வாக்கியமும் இலக்கணப்படி சரிதான். எது உங்கள் கருத்து என்பதைக் கருவி எப்படி அறியும்? நாவி சொல்வதை ஏற்பதற்கு முன் வாக்கியத்தை முழுவதும் படியுங்கள் என்று நான் மாணவர்களை நச்சரிப்பது இதனால்தான்.

நான்காம் படி: உங்கள் சொந்தப் பிழைப் பட்டியல்

கருவி விடுவதைப் பிடிக்க நான் கண்ட வழி இது. நீங்கள் வழக்கமாகத் தடுமாறும் சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். என் பட்டியல்: விழா, விளா, விலா, இறை, இரை, அறை, அரை, மனம், மணம். எழுதி முடித்ததும் தேடல் வசதியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தேடுங்கள். "விலா" என்று தேடி ஓர் இடத்தில் நின்றால், அங்கே பேசுவது விலா எலும்பைப் பற்றித்தானா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

ஐந்தாம் படி: காது

எட்ஜ் உலாவியில் பக்கத்தை உரக்கப் படிக்கும் வசதி உண்டு, அதில் தமிழ்க் குரலும் இருக்கிறது. விடுபட்ட சொல், இரண்டு முறை விழுந்த சொல், மூச்சு முட்டும் நீள வாக்கியம் எல்லாம் கேட்கும்போது தெரிந்துவிடும். ழகரப் பிழைக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம், நம் காதைப் பற்றித்தான் மேலேயே சொன்னேனே.

அச்சுக்குப் போகும் எழுத்தாக இருந்தால் இன்னொருவர் கண்ணும் தேவை. நம் பணத்தாளில் தமிழ் அச்சாகிறது, அந்த அளவுக்கு இந்த நாட்டில் தமிழ் எழுத்து எல்லார் கண்ணிலும் படுகிறது. இப்போதெல்லாம் அழைப்பிதழின் மாதிரித் தாளை அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முன் குருக்களிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் முதலில் தேடுவது அந்த ஒரு சொல்லைத்தான்.