பழைய பாகங்களைச் சேர்த்துச் சைக்கிள் பூட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி போன்ற ஊர்களின் பழைய இரும்புக் கடைகளில் எடைக்கு வந்து கிடக்கும் சைக்கிள்களை உற்றுப் பார்த்தால், டயர் பிய்ந்து செயின் துருவேறிய வண்டியிலும் பிரேம் உறுதியாகவே இருப்பதைக் காணலாம். பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டிகளும், தாத்தா காலத்து டபுள் பார் வண்டிகளும், பிள்ளைகள் ஓட்டிச் சலித்த கியர் சைக்கிள்களும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அவற்றிலிருந்து பாகங்களைத் தேர்ந்து, வாய்க்கால் கரையில் வாழைத்தாரும் பால்கேனும் ஏற்றிச் செல்லத் தக்க ஒரு வண்டியைத் தானே பூட்டிக்கொள்வது மிக நல்ல முயற்சி. தேயாமல் நிற்கும் பாகத்தையும் தேய்ந்துகொண்டே இருக்கும் பாகத்தையும் ஒரே கண்ணால் பார்ப்பதால்தான் அந்த முயற்சி பெரும்பாலும் பாழாகிறது. பிரேமும் ஹேண்டில்பாரும் கேரியரும் எத்தனை பழையனவாகவும் இருக்கலாம். சுழல்வதையும் உரசுவதையும் அளந்து பார்த்தே சேர்க்க வேண்டும்.

முதல் தவறு, பளபளக்கும் சக்கரத்தைக் கண்டு அதை முதலில் வாங்கிவிடுவது. பிரேமைத்தான் முதலில் வாங்க வேண்டும், அதுவும் சோதித்த பிறகே. பின்சக்கர அச்சு அமரும் ஒரு காடியில் நூலைக் கட்டி, ஹேண்டில் குழாயை, அதாவது ஹேண்டில் தண்டு நுழையும் பிரேமின் முன்குழாயைச் சுற்றி இழுத்து, மறு காடியில் கட்டினால், சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடையிலுள்ள தூரம் இருபுறமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரேம் கோணியிருக்கிறது. ஹேண்டில் குழாயை ஒட்டிக் கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் பெயிண்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால், அந்த வண்டி எங்கோ நேராக மோதியிருக்கிறது என்று பொருள். அதை விட்டுவிடுவதே நல்லது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டிகளில் உப்புக்காற்று குழாயின் உள்ளிருந்தே அரித்திருக்கும் என்பதால், கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, அமரும் கூட்டைத் திறந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. விரிசலை ஆர்க் வெல்டிங் வைத்து அடைப்பதும் தவறு. மெல்லிய குழாய் அந்தச் சூட்டில் ஓட்டையாகும். ஓட்டையாகாவிட்டாலும் பற்றுக்குப் பக்கத்திலேயே மறுபடி விரியும். எஃகு பிரேமுக்குக் கேஸ் வெல்டிங்கில் பித்தளை வைத்துப் பற்றவைப்பதே பொருந்தும். காந்தம் ஒட்டாத அலுமினியப் பிரேமைப் பற்றவைக்கவும் வேண்டாம், வளைக்கவும் வேண்டாம்.

அதிகப் பணம் வீணாவது சக்கரத்தில்தான். '26 இன்ச்' என்று சொல்லி விற்கப்படும் ரிம்கள் எல்லாம் ஒரே அளவு அல்ல. டயரின் விளிம்பு அமரும் விட்டம் கியர் சைக்கிளின் 26 இன்ச் ரிம்மில் 559 மில்லிமீட்டர். 26 x 1½ அளவில் 584. 26 x 1⅜ அளவில் 590. பழைய டபுள் பார் வண்டியின் 28 x 1½ ரிம்மில் அது 635 மில்லிமீட்டர், ஆனால் அதே 28 இன்ச் என்ற பெயரில் விற்கப்படும் 700சி ரிம்மில் 622 மட்டுமே. 635 டயரை 622 ரிம்மில் மாட்டிக் காற்றடித்தால், டயர் விளிம்பைத் தாண்டி வெளியே வந்துவிடும். எனவே கடைக்காரர் சொல்லும் இன்ச்சை நம்பாமல், டயரின் பக்கவாட்டில் 40-635 என்பதுபோல் அச்சாகியிருக்கும் எண்ணின் பின்பாதியைப் பார்த்து வாங்க வேண்டும். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் துளை எண்ணிக்கையும் ரிம்மின் துளை எண்ணிக்கையும் ஒன்றாக இருப்பதும் அவசியம். பழைய பாணி வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 போக்ஸ் கம்பிகள் இருக்கும். பிற வண்டிகளில் 36 பரவலாக உண்டு.

ரிம்மோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது பிரேக். கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பிகளால் இழுக்கப்படும் ராடு பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தில் அழுத்துபவை. அதற்கான ரிம்மின் பக்கங்கள் உருண்டு வளைந்திருக்கும். கேபிள் பிரேக்கின் கட்டைகள் பக்கவாட்டில் பிடிப்பவை. அவற்றுக்குத் தட்டையான பக்கம் வேண்டும். உருண்ட ரிம்மில் கேபிள் பிரேக்கைப் பூட்டினால், நின்ற இடத்தில் பிடிப்பதுபோல் தோன்றும். பாலத்திலிருந்து இறங்கும்போது பிடிக்காது. இந்தக் கலப்பைச் செய்யவே கூடாது என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அடுத்தது மரை. இடது பெடலுக்கும், நம் ஊர்ப் பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் செயின் பக்கத்துக் கப்புக்கும் (கிராங்கின் அச்சு சுழலும் கிண்ணம்) இடது மரை, அதாவது வலப்பக்கம் திருகினால் கழலும் மரை. வழக்கமான திசையில் கழற்ற முயன்று, வராதபோது சுத்தியலையும் உளியையும் எடுப்பவர்கள், பிரேமின் மரையையே அழித்துவிடுகிறார்கள். மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவிட்டு, சரியான திசையில் திருகினால் பெரும்பாலும் வந்துவிடும். கிராங்கை அச்சோடு இறுக்கும் ஆப்பான காட்டர் பின்னை அடிக்கும்போது கிராங்கின் அடியில் ஒரு கனத்த குழாயை முட்டுக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடி முழுவதும் பால்ரஸ் எனப்படும் எஃகு குண்டுகள் மீதும் கப் மீதும் இறங்கும். ஒரு பெடலை முன்னால் வைக்கும்போது அந்தப் பக்கத்துக் காட்டர் பின்னின் நட்டு மேலே தெரிந்தால், மறு பெடலை முன்னால் கொண்டுவரும்போதும் அப்பக்கத்து நட்டு மேலேயே தெரிய வேண்டும். மாறினால் இரு கிராங்குகளும் ஒரே கோட்டில் நிற்காது.

செயினை எடுக்கும்போது ஸ்கேல் கையில் இருக்கட்டும். செயினின் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்வரை அரை இன்ச் வீதம் 24 இடைவெளி சரியாக 12 இன்ச் இருக்க வேண்டும். 12 இன்ச்சுக்கு மேல் ⅛ இன்ச் நீண்டிருந்தால், அந்தச் செயின் ஓடிய பிரீவீலின் (பின்சக்கரத்துப் பற்சக்கரம்) பற்களும் தேய்ந்திருக்கும். அதில் புதுச் செயினை மட்டும் போட்டால், மிதிக்கும்போது தாவும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கியர் சைக்கிளின் செயின் 3/32 இன்ச் அகலம், சாதா வண்டியின் செயின் ⅛ இன்ச். குறுகிய செயின் தடித்த பல்லில் ஏறாது.

நமது நிலம் சமதளம் என்பதால் எந்தப் பல் விகிதமும் போதும் என்று கருதுவதும் தவறு. கரையேற்றமும் பாலத்து ஏற்றமும் எதிர்காற்றும் இங்கே உண்டு. 28 இன்ச் சக்கரத்தில், கிராங்கோடு சுழலும் 44 பல் செயின்வீலுக்கு 18 பல் பிரீவீல் இருந்தால் ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் போகும்; 22 பல் இருந்தால் நாலரை மீட்டர்தான் போகும், ஆனால் நெல்மூட்டையோடு கரையேறும்போது அதுதான் காலுக்கு இதம். பின்பக்கக் கியர் அமைப்பைப் பொருத்துவதை நான் ஆதரிப்பதில்லை, ஏனெனில் சம்பா நடவு காலத்து வண்டல் சேறு அதில் அப்பிக்கொண்டால் வண்டி நகராது.

பிரேக் கட்டை, பிரேக் கேபிள், காட்டர் பின், பால்ரஸ் ஆகியவற்றைப் புதிதாகவே வாங்குங்கள். பால்ரஸ் அளவு பொதுவாக முன் ஹப்புக்கு 3/16 இன்ச், பின் ஹப்புக்கும் கிராங்குக்கும் ¼ இன்ச். பழையனவற்றோடு புதியதைக் கலந்தால், தேயாத புதிய குண்டே பாரம் முழுவதையும் தாங்கிக் கப்பைக் குழிபறிக்கும்.

பிரேமில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்து, கடைக்காரரிடம் ரசீது வாங்கி வைப்பது திருட்டு வண்டியின் தொல்லையிலிருந்து காக்கும். வண்டி ஓடத் தொடங்கிய பின், ஐப்பசி மழைக்கு முன்பே ஹப்பையும் கிராங்கையும் பிரித்துப் புதுக் கிரீஸ் வையுங்கள். முழங்கால் தண்ணீரில் உருட்டிய நாள்களில் சீட் தண்டைக் கழற்றி வண்டியைத் தலைகீழாக நிறுத்தினால், குழாய்க்குள் புகுந்த நீர் வடிந்துவிடும்.