மரபணுப் பட்டியலை ரியாக்டோமில் போட்டுப் பார்ப்பது எப்படி?

ஆர்.என்.ஏ. சீக்வென்சிங் (எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று அளக்கும் முறை) முடிந்து 300 மரபணுப் பெயர்கள் கையில் இருக்கின்றன. புற்றுச் செல்களில் இவற்றின் அளவு கூடியிருக்கிறது என்பது வரை தெரியும். சரி, செல்லுக்குள் என்னதான் நடக்கிறது? தனித்தனியாகத் தேடினால் மாதக்கணக்கில் இழுக்கும். வல்லுநர்கள் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, எந்தப் புரதம் எந்த வினையில் வருகிறது என்று தொகுத்து வைத்த வழித்தடத் தரவுத்தளங்கள் இதற்குத்தான் இருக்கின்றன. வழித்தடம் என்பது செல்லுக்குள் ஒன்றையொன்று தொடரும் வினைகளின் தொகுப்பு. ரியாக்டோம் அப்படி ஒரு தரவுத்தளம்.

முதலில், எந்தத் தளம்?

கெக் (KEGG), 1995இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. விக்கிபாத்வேஸ் 2008இல் வந்தது. அதில் யாரும் பங்களிக்கலாம். ரியாக்டோமில் தொகுப்பாளர்கள் எழுதுவதை அந்தந்தத் துறை வல்லுநர்கள் சரிபார்க்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் ரியாக்டோமைத்தான் சொல்வேன். கட்டணமில்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, ஒவ்வொரு வினைக்கும் ஆதாரக் கட்டுரை கூடவே இருக்கும்.

பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள்

வரிக்கு ஒரு பெயர், ஆங்கிலப் பெரிய எழுத்தில். எக்செலில் திறந்த கோப்பு என்றால் கவனம்: செப்டின் குடும்ப மரபணுக்களின் பழைய குறியீடுகளை அது செப்டம்பர் மாதத் தேதிகளாக மாற்றிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல் 2020இல் அந்த மரபணுக்களின் அதிகாரபூர்வக் குறியீடுகளையே மாற்றினார்கள். பழைய கோப்புகளில் தேதிகள் இன்னும் ஒளிந்திருக்கலாம்.

ஒட்டுங்கள், ஓட்டுங்கள்

முகப்பில் ‘அனாலிசிஸ் டூல்ஸ்’ போய், மரபணுப் பட்டியலுக்கான பெட்டியில் ஒட்டுங்கள். எலியின் மரபணுக்கள் என்றால் ‘ப்ராஜெக்ட் டு ஹ்யூமன்’ தேர்வை எடுத்துவிடாதீர்கள். அவற்றுக்கு ஈடான மனித மரபணுக்களை வைத்துக் கணக்கிடும். ‘இன்டராக்டர்ஸ்’ (உங்கள் புரதங்களோடு இணைந்து செயல்படும் மற்ற புரதங்களையும் சேர்க்கும் தேர்வு) இப்போதைக்கு வேண்டாம். சில நொடிகளில் அட்டவணை வரும்.

அட்டவணையைப் படிப்பது

பலரும் சறுக்குவது இங்கேதான். பி-மதிப்பை (இவ்வளவு பொருத்தம் தற்செயலாக வரும் வாய்ப்பு) விட்டுவிட்டு எஃப்.டி.ஆர். (தவறான கண்டுபிடிப்புகளின் விகிதம்) நெடுவரிசையைப் பாருங்கள். மனிதனுக்கு மட்டும் 2,000க்கும் மேற்பட்ட வழித்தடங்கள் உள்ளன, பி-மதிப்புக்கு 0.05 என்று எல்லை வைத்தால் 100 வழித்தடங்கள் தற்செயலாகவே தேறிவிடக்கூடும். எஃப்.டி.ஆர். அதைத்தான் சரிக்கட்டுகிறது.

அப்புறம், வழித்தடத்தில் உள்ள எத்தனை புரதங்களில் எத்தனை உங்கள் பட்டியலில் கிடைத்தன என்று பாருங்கள். இரண்டே புரதங்கள் உள்ள வழித்தடத்தில் இரண்டும் மாட்டியதற்கு ஆய்வேட்டில் ஒரு பத்தி ஒதுக்க வேண்டாம். கிளைகாலிசிஸ் (குளுக்கோஸ் பைருவேட்டாக உடையும் வழித்தடம்), அதன் மேல் குளுக்கோஸ் வளர்சிதை மாற்றம், அதற்கும் மேல் கார்போஹைட்ரேட் வளர்சிதை மாற்றம் என்று மூன்று வரிகள் வந்தால் அது மூன்று கண்டுபிடிப்பு அல்ல. அதே மரபணுக்கள்தான், ஒன்றுக்குள் ஒன்றாக.

இன்னொன்று, பின்னணிப் பட்டியல், அதாவது எந்த மரபணுக்களோடு ஒப்பிட்டுக் கணக்கிடுகிறோம் என்பது. புற்றுநோய் தொடர்பான 500 மரபணுக்களை மட்டுமே அளந்த ஆய்வில் புற்றுநோய் வழித்தடங்கள் மேலே வருவதில் அதிசயமில்லை, தேடியதே அங்கேதான். அளந்தவற்றை மட்டும் பின்னணியாகக் கொடுக்க விடும் வேறு கருவியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ‘கிடைக்கவில்லை’ பட்டியல் நீளமாக இருந்தாலும் பதறாதீர்கள். வினை தெரியாத மரபணுக்கள் தரவுத்தளத்தில் இருக்காது.

வினை வரை இறங்குங்கள்

கிளைகாலிசிஸ் வரியைச் சொடுக்கினால் படம் விரியும், உங்கள் மரபணுக்கள் நிறமேறித் தெரியும். முதல் வினையைத் தேர்ந்தெடுங்கள்: ஹெக்ஸோகைனேஸ் நொதி, ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்துக் குளுக்கோஸில் சேர்க்கிறது. விளக்கமும் கட்டுரைகளும் கீழே இருக்கும். அந்தக் கட்டுரையைத் திறந்து, சோதனை எந்த உயிரியில் நடந்தது என்று பாருங்கள். மனித வினையென எழுதியிருந்தாலும் ஆதாரம் எலியிலிருந்து வந்திருக்கலாம்.

பிறகு அதே பட்டியலைக் கெக்கிலும் பாருங்கள். பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றும் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் நொதி கெக்கின் கிளைகாலிசிஸ் படத்திலேயே இருக்கும். அந்தப் படம் குளுக்கோநியோஜெனிசிஸையும் (குளுக்கோஸைத் திரும்ப உருவாக்கும் வழித்தடம்) சேர்த்து வரைந்தது. ரியாக்டோமில் கிளைகாலிசிஸ் பைருவேட்டோடு நின்றுவிடும். இந்த நொதி பைருவேட் வளர்சிதை மாற்றத்தின் கீழ் வரும். தவறு யாருடையதும் இல்லை, எல்லைக்கோடு வேறு. அதனால் எந்தத் தளம் என்று சொல்லாமல் ‘கிளைகாலிசிஸ் கூடியிருக்கிறது’ என்று எழுதக் கூடாது.

பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ரியாக்டோம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அடுத்த பதிப்பில் இதே பட்டியலுக்கு வரிசை மாறலாம். முடிவுக் கோப்பை அன்றைக்கே தரவிறக்கி, உள்ளிட்ட பட்டியலோடு ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள்.