வொர்க் டைரி: 7 மணி நேரம் தூங்கியும் மாட்டிக்கொள்வது எப்படி?

ஹெவி வெஹிக்கிள் லைசென்ஸ் வாங்கி நெடுந்தூர ஓட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் வொர்க் டைரியில் (வேலை நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் ஓட்டுநர் பதியும் பதிவேட்டில்) செய்யும் தவறுகள் ஆண்டுதோறும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. வண்டி எண் எழுதாமல் விடுவது, கையெழுத்தை மறப்பது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அதிகாரி ஒருமுறை சுட்டிக்காட்டினால் அவை தானாகச் சரியாகிவிடும். ஓய்வு நேரத்தை எண்ணுவதில் வரும் பிழை அப்படியல்ல. எழுதுகிறவருக்கே தெரியாமல் பக்கம் பக்கமாகத் தொடரும்.

இங்கே சொல்வது ஆஸ்திரேலியாவின் கனரக வாகனச் சட்டம் செல்லுபடியாகும் இடங்களுக்கு: குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா, தலைநகரப் பகுதி. மேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் வடக்குப் பிரதேசத்துக்கும் விதிகள் வேறு. தனியாக ஓட்டுகிறவர், ஸ்டாண்டர்ட் அவர்ஸ் (சிறப்பு அங்கீகாரம் இல்லாதவர்களுக்கான வழக்கமான நேர வரம்பு), காகித டைரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவர் மாறி மாறி ஓட்டும் வண்டிக்கும் பி.எஃப்.எம். (பேசிக் ஃபெட்டீக் மேனேஜ்மெண்ட், களைப்பு மேலாண்மைத் திட்டம்) அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்கும் கணக்கு மாறும்.

அடிப்படை வரம்புகள் இவை. எந்த 5½ மணி நேரத்திலும் வேலை 5¼ மணியைத் தாண்டக் கூடாது. 8 மணி நேரத்தில் 7½, 11 மணி நேரத்தில் 10, 24 மணி நேரத்தில் 12. அந்த 24 மணிக்குள் 7 மணி நேரம் தொடர்ச்சியான ஓய்வு வேண்டும், அதுவும் வண்டி நின்றிருக்கும்போது.

7 மணி ஓய்வு எடுத்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று நினைப்பது

அதிக இழப்பைத் தருவது இந்தத் தவறுதான். அனுபவம் உள்ளவர்களே புதியவர்களுக்கு இதைத் தப்பாகச் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டால் கோபம் வருகிறது. "ஏழு மணி படுத்துட்டா போதும், அடுத்த பன்னிரண்டு மணி உன்னோடது" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஒரு ஓட்டுநர் காலை 05:00 மணிக்கு மெல்போர்னில் வேலையைத் தொடங்குகிறார். இரண்டு கிடங்குகளில் சரக்கு ஏற்றுகிறார். 10:00 முதல் 10:30 வரை ஓய்வு, 14:30 முதல் 15:00 வரை ஓய்வு. ஹியூம் ஹைவேயில் ஏறி மாலை 18:00 மணிக்கு டார்கட்டாவில் நிறுத்துகிறார். கூட்டினால் 5 + 4 + 3, சரியாக 12 மணி வேலை. இதுவரை ஒரு குறையும் இல்லை. சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார். 7 மணி நேரம் முடிந்து இரவு 01:00 மணிக்கு சிட்னி நோக்கிக் கிளம்புகிறார். 04:15க்கு மருலான் சோதனை நிலையத்தில் வண்டியை உள்ளே திருப்பச் சொல்கிறார்கள்.

அதிகாரி நேற்றைய பக்கத்தில் 05:00 மணிக் கோட்டில் விரலை வைத்து, இன்றைய பக்கத்தின் 05:00 வரை எண்ணுகிறார். அந்த 24 மணிக்குள் நேற்று 12 மணி வேலை, இன்று 3¼ மணி வேலை. மொத்தம் 15¼. வரம்பு 12. மீறல்களை மைனர், சப்ஸ்டான்ஷியல், சிவியர், கிரிட்டிகல் என்று நான்காகப் பிரிப்பார்கள். இது கடைசி வகையில் போய் விழும். நன்றாகத் தூங்கி எழுந்த மனிதர், ஒரு பொய்யும் எழுதாதவர். ஆனாலும் தப்பிக்க வழியில்லை.

காரணம் இதுதான். 24 மணி நேரக் கணக்கு ஒரு நீண்ட ஓய்வு முடியும் நொடியில் தொடங்கும். தொடங்கியபின் 24 மணி ஓடி முடியும்வரை நிற்காது. நடுவில் இன்னொரு 7 மணி ஓய்வு எடுத்தால் பழைய கணக்கு அழிவதில்லை. அந்த ஓய்வின் முடிவில் இரண்டாவது கணக்கு ஒன்று கூடுதலாகத் தொடங்குகிறது, அவ்வளவுதான். டார்கட்டாவில் கிளம்பியவருக்கு முந்தைய நாள் 05:00 கணக்கும் ஓடுகிறது, 01:00 கணக்கும் ஓடுகிறது. இரண்டையும் மீறாமல் இருக்க வேண்டும்.

டைரியின் அமைப்பே கண்ணை ஏமாற்றுகிறது. பக்கம் நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடிகிறது. முதல் பக்கத்தில் 12 மணி வேலை, ஒழுங்காக இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் 01:00 வரை ஓய்வுக் கோடு, பிறகு வேலைக் கோடு. அதுவும் ஒழுங்காகத் தெரிகிறது. தனித்தனியாகப் பார்த்தால் பிழையே இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

இதையே இன்னும் மோசமாகச் செய்கிறவர்களும் உண்டு. காலை 05:00 முதல் 6 மணி வேலை பார்த்துவிட்டு, சரக்கு தயாராகவில்லை என்று பகலில் 7 மணி நேரம் படுத்துவிட்டு, மாலையில் எழுந்து "இனி முழு 12 மணி இருக்கிறது" என்று இரவு முழுக்க ஓட்டுவார்கள். அவர்களுக்கு மறுநாள் 05:00 வரை மிச்சம் இருப்பது 6 மணி வேலை மட்டுமே.

கிளம்பும் முன் இரண்டு எண்களைத் தாளில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவையுங்கள். ஒன்று, 24 மணி இன்னும் முடியாத பழைய கணக்கு தொடங்கிய நேரம், அதாவது இப்போது எடுத்த ஓய்வுக்கு முந்தைய நீண்ட ஓய்வு முடிந்த நேரம். மற்றது, அதற்குப் பின் செய்த வேலை. 12இலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான், முதல் எண்ணில் உள்ள அதே நேரம் மறுநாள் வரும்வரை நீங்கள் செய்யக்கூடிய வேலை. விடை பூஜ்யம் என்றால், 7 மணி தூங்கியிருந்தாலும் அந்த நேரம் வரும்வரை சாவியைத் தொடாதீர்கள். டார்கட்டா ஓட்டுநர் 05:00 வரை காத்திருக்க வேண்டியவர்.

வேறு விதமாகவும் இதைப் பார்க்கலாம். 24இல் 12 வேலை என்றால் மீதி 12 ஓய்வு. 7 என்பது அந்த 12க்குள் தொடர்ச்சியாக இருக்க வேண்டிய பகுதி மட்டும்.

28 நிமிடத்தை அரை மணி என்று எழுதுவது

காகித டைரியில் எல்லாமே 15 நிமிடத் துண்டுகள். வேலை நேரம் அடுத்த கால் மணிக்கு ஏறும், ஓய்வு நேரம் முந்தைய கால் மணிக்கு இறங்கும். 10:07க்கு நிறுத்தி 10:35க்கு வண்டியை எடுத்தால், வேலை 10:15 வரை, ஓய்வு 10:30 வரை. கிடைப்பது 15 நிமிடம். 14 நிமிடம் நின்றால் ஓய்வே இல்லை, அதுவும் வேலைதான். 8 மணிக்குள் வேண்டிய 30 நிமிடத்தை இரண்டு 15 நிமிடமாகப் பிரிக்கலாம். மூன்று 10 நிமிடமாகப் பிரித்தால் மூன்றுமே வீண். நிறுத்தியதும் கடிகாரத்தைப் பாருங்கள், அடுத்த கால் மணிக் கோட்டிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். எலக்ட்ரானிக் டைரி நிமிடக் கணக்கில் பதிவதால் அங்கே இந்தச் சிக்கல் வராது.

ஓய்வு என்று எழுதிவிட்டு வேலை செய்வது

டீசல் போடுவது வேலை. டயர், லைட் பார்ப்பது வேலை. கண்ணாடி கழுவுவதும் சரக்கு ஏற்றுவதும் வேலை. என்ஜின் ஓடும்போது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருப்பதும் வேலை. கடைசியாகச் சொன்னதில்தான் பலர் சிக்குகிறார்கள். வெயில் நாளில் ஏ.சி.க்காக என்ஜினை ஓடவிட்டு, அதே இருக்கையில் சாய்ந்து கண்மூடினால் சட்டப்படி அது ஓய்வு ஆகாது. கீழே இறங்குங்கள், அல்லது பின்னால் உள்ள படுக்கைக்குப் போய்விடுங்கள்.

கிடங்கு வாசல் வரிசையும் இப்படித்தான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வண்டியை ஒரு நீளம் முன்னே நகர்த்தினால் அங்கே 15 நிமிடத் தொடர்ச்சி உருவாகாது. இரண்டு மணி நேரம் நின்றிருந்தாலும் முழுவதும் வேலையாகத்தான் எழுத வேண்டும்.

டீசல் ரசீதில் நேரம் இருக்கிறது. எடை மேடைச் சீட்டில் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் சேஃப்டி கேம் கேமராக்கள் லாரி கடந்த நேரத்தைப் பிடிக்கின்றன. 10:15 முதல் 10:30 வரை ஓய்வு என்று எழுதி 10:22 ரசீதைப் பையில் வைத்திருந்தால், அது எண்ணிக்கைப் பிழையாகப் பார்க்கப்படாது, பொய்ப் பதிவாகப் பார்க்கப்படும்.

பக்கத்தை முன்கூட்டியே நிரப்புவது

வேண்டாம். ஒருபோதும் வேண்டாம்.

இரவு ஓய்வைக் கால் மணியில் இழப்பது

14 நாளில் 4 இரவு ஓய்வு வேண்டும், அதில் 2 அடுத்தடுத்த நாட்களில். இரவு ஓய்வு என்றால் 22:00 முதல் 08:00க்குள் தொடர்ந்து 7 மணி. 01:15க்கு நிறுத்தினால் 08:00 வரை 6¾ மணிதான். பத்து மணி வரை தூங்கினாலும் அது இரவு ஓய்வாக எண்ணப்படாது. 01:00 தான் கடைசி.

எல்லை தாண்டியதும் கடிகாரத்தை மாற்றுவது

டைரி முழுவதும் உங்கள் பேஸ் (வழக்கமாக வேலைக்குக் கிளம்பும் இடம்) இருக்கும் ஊரின் நேரத்தில் இருக்க வேண்டும். மெல்போர்ன் ஓட்டுநர் அடிலெய்டு போனால் அங்கே கடிகாரம் அரை மணி பின்னால் இருக்கும். கோடையில் கூண்டிவிண்டிக்குள் நுழைந்தால் குயின்ஸ்லாந்து நேரம் ஒரு மணி பின்னால். கைப்பேசி தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும்; அதைப் பார்த்து எழுதினால் எடுக்காத ஓய்வு பக்கத்தில் வரும், எடுத்த ஓய்வு காணாமல் போகும். பேஸ் நேரம் வைத்த சாதாரணக் கடிகாரம் ஒன்றை கேபினில் மாட்டி, டைரிக்கு அதை மட்டும் பாருங்கள்.