முதல் நூல் மதிப்புரையை எழுதிப் பகிர்வது எப்படி?

ஒரு நூலைப் படித்து முடித்ததும் "அருமை, அனைவரும் வாசிக்க வேண்டும்" என்று எழுதிவிட்டு நகர்ந்தால், அதை இன்னும் வாசிக்காத ஒருவருக்கு அந்த வரியால் பயனில்லை. தன் பொழுதில் பத்து மணி நேரத்தை அந்த நூலுக்குக் கொடுக்கலாமா என்பதையே அவர் அறிய விரும்புகிறார். அதற்கு விடை சொல்லும் மதிப்புரையை எழுதிச் சக வாசகர்களோடு இணையத்தில் பகிர்வது எப்படி என்பதை, இதுவரை ஒன்றுகூட எழுதாதவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

படி 1: வாசிக்கும்போதே குறிப்பெடுங்கள்

நின்று யோசிக்க வைத்த இடம், சலிப்புத் தட்டிய இடம், புரியாமல் திரும்பப் படித்த இடம் ஆகியவற்றைப் பக்க எண்ணோடு ஒரு சொல்லில் குறித்து வையுங்கள். படித்து முடித்து ஒரு வாரம் கழிந்தபின் நினைவில் எஞ்சுவது பெரும்பாலும் முடிவுப் பகுதி மட்டுமே என்பதால், குறிப்பில்லாமல் எழுதும் மதிப்புரை அந்தப் பகுதியின் பக்கமே சாய்ந்துவிடுகிறது.

படி 2: எந்தப் பதிப்பு என்று சொல்லுங்கள்

தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு ஆகியவை போதும். மொழிபெயர்ப்பாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரின் பெயரைக் கட்டாயம் சேருங்கள். நீங்கள் ரசித்த நடையில் பாதி அவருடையது. ஒரே நூலின் கெட்டி அட்டைப் பதிப்புக்கும் சாதாரண அட்டைப் பதிப்புக்கும் ஐ.எஸ்.பி.என். எண் (பதிப்பை அடையாளம் காட்டும் தனி எண்) வேறுவேறாக இருக்கும். 2007க்கு முன் 10 இலக்கங்களாக இருந்த அந்த எண் இப்போது 13 இலக்கங்கள் கொண்டது. பக்க எண்ணோடு மேற்கோள் காட்டுபவர்கள் அதையும் குறிப்பிட்டால் தேடுபவருக்கு எளிது.

படி 3: கருத்தையும் அதற்கான காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்

மதிப்புரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. முதலில் நூல் எதைப் பற்றியது என்பதை மூன்று வாக்கியங்களுக்குள் சொல்லிவிடுங்கள். கதைச் சுருக்கம் அதற்கு மேல் வளர்ந்தால் உங்கள் குரலுக்கு இடமிருக்காது. பிறகு ஒவ்வொரு கருத்துக்கும் நூலிலிருந்தே ஒரு சான்று காட்டுங்கள். "நடை கடினம்" என்பதைவிட, "ஒரு வாக்கியம் அரைப்பக்கம் நீள்வதால், யார் பேசுகிறார் என்பதை அறிய நான் பலமுறை பின்னோக்கிச் செல்ல நேர்ந்தது" என்று எழுதினால், நீண்ட வாக்கியங்களை விரும்பும் வாசகர் அதையே நூலை எடுப்பதற்கான காரணமாகக் கொள்வார். உங்களுக்குப் பிடிக்காத நூல் அவருக்குப் பிடித்துப்போவதற்கு இப்படி வழிவிடும் மதிப்புரையைத்தான் நான் நேர்மையானது என்பேன். குறை சொல்லும்போது நூலைப் பற்றி மட்டும் பேசுங்கள். ஆசிரியரின் தனிவாழ்வை இழுக்க வேண்டாம். நூலைப் பாதியில் நிறுத்தியிருந்தாலும் எழுதலாம், ஆனால் எந்தப் பக்கத்தோடு நிறுத்தினீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். நூல் இலவசமாகக் கிடைத்ததா, ஆசிரியர் உங்கள் நண்பரா என்பதும் அப்படியே.

படி 4: திருப்பங்களை மறைத்து வையுங்கள்

கொலையாளி யார் என்பதை மட்டும் மறைத்தால் போதாது. "கடைசியில் ஒரு பெரிய திருப்பம் காத்திருக்கிறது" என்ற வரிகூட வாசகரை அதை எதிர்பார்த்தே படிக்க வைத்துவிடும். முடிவைப் பற்றிப் பேசியே ஆகவேண்டுமென்றால் தனிப்பத்தியில் முன்னெச்சரிக்கையோடு எழுதுங்கள். குட்ரீட்ஸ் போன்ற நூல் மதிப்புரைத் தளங்களில் அத்தகைய மதிப்புரையை மறைத்துக் காட்டும் வசதி உண்டு.

படி 5: நட்சத்திரங்களைக் கடைசியில் இடுங்கள்

நூலுக்கு எத்தனை நட்சத்திர மதிப்பெண் என்பதை முதலிலேயே முடிவு செய்தால், எழுதுவதெல்லாம் அதற்கான வாதமாக மாறிவிடும். தளத்துக்குத் தளம் அளவுகோல் மாறுவதையும் கவனியுங்கள். குட்ரீட்ஸில் 2 நட்சத்திரத்துக்குப் பரவாயில்லை என்றும் 3 நட்சத்திரத்துக்குப் பிடித்திருந்தது என்றும் பொருள். லைப்ரரிதிங்கில் அரை நட்சத்திரமும், ஸ்டோரிகிராஃபில் கால் நட்சத்திரமும் இடலாம்.

படி 6: பகிர்ந்தபின் உரையாடுங்கள்

ஒருநாள் விட்டு மீண்டும் படித்துப் பார்த்து, பெயர்களையும் மேற்கோள்களையும் நூலோடு ஒப்பிட்டபின் பகிருங்கள். மாற்றுக் கருத்தோடு ஒருவர் வந்தால், அவர் சுட்டும் பக்கத்தை எடுத்து மறுபடி வாசியுங்கள். அவர் சொல்வது சரியெனத் தோன்றினால் பழைய வரியை அழித்துவிடாமல், அதன் கீழே தேதியிட்டுத் திருத்தத்தைச் சேருங்கள்.