குதிரைக்குட்டியின் வயிற்று அறுவையில் மரப்பு ஊசி: கை தவறும் இடங்கள்

மலேசியாவில் ஈப்போவுக்கு வடக்கே செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் ஊரில் கால்நடை மருத்துவருக்குப் பெரும்பாலும் மாடும் ஆடும்தான் வேலை. ஆனாலும் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகளையும் மட்டக்குதிரைகளையும் வளர்க்கும் லாயங்கள் தோட்ட ஓரங்களில் இரண்டு மூன்று இருப்பதால், கொப்பூழில் சீழ் வைத்த குட்டியோ குடலிறக்கம் கண்ட குட்டியோ ஆண்டுக்குச் சில என் மேசைக்கு வருகின்றன. அண்மையில் என்னிடம் பயிற்சிக்கு வந்த இளம் மருத்துவர்கள் இருவர், பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழைகளை ஏறக்குறைய அதே வரிசையில் செய்ததைப் பார்த்த பின்பு இதை எழுதுகிறேன். மயிரை மழிப்பது, மருந்தைச் செலுத்துமுன் பின்னிழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்ப்பது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவற்றை மறப்பவர் முதலில் பாடப்புத்தகத்துக்குத் திரும்புவதே நல்லது.

மாட்டின் விலாவைக் குதிரையில் தேடுதல்

மாட்டுக்கு 13 இணை விலா எலும்புகள்; குதிரைக்கு 18. மாட்டின் விலாப்புறத்தை மரக்கச் செய்ய 13ஆம் மார்பு நரம்பையும் முதல் இரண்டு இடுப்பு நரம்புகளையும் தடுத்துப் பழகிய கை, குதிரையில் 18ஆம் மார்பு நரம்பிலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும். அதைச் சரியாகச் செய்தாலும் பயன் விலாப்புறத்தோடு நின்றுவிடுகிறது. குட்டியை நாம் மல்லாக்கக் கிடத்தி வயிற்றின் நடுக்கோட்டில்தான் அறுக்கிறோம். கொப்பூழுக்கு முன்னால் உள்ள சுவருக்கு வரும் நரம்புகள் இன்னும் முன்னால் இருக்கும் மார்பு முள்ளெலும்புகளிலிருந்து இறங்குபவை.

ஆகவே வயிற்றுச் சுவரின் உட்சாய்தசைக்கும் குறுக்குத்தசைக்கும் இடைப்பட்ட தளத்தில், ஸ்கேன் திரையில் ஊசிமுனையைப் பார்த்துக்கொண்டே, பக்கத்துக்கு இரண்டாக நான்கு இடங்களில் மருந்தைப் பரப்புகிறோம். ஒன்று விலா விளிம்பை ஒட்டியது. மற்றது விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் இருப்பது. பின்னிடத்தோடு நிறுத்திக்கொள்பவரின் குட்டி, கத்தி கொப்பூழைத் தாண்டி முன்னே போகும்போது அதைத் தெரிவித்துவிடும்.

மூத்திரப்பை கிழிந்த குட்டி

மூத்திரம் வயிற்றுக்குள் கசிவதால் இரத்தத்தில் ஏறும் பொட்டாசியம் லிட்டருக்கு 5.5 மில்லிமோலுக்குக் கீழே இறங்காமல் மயக்கத்தைத் தொடங்காதீர்கள்.

உதைத்தால் இன்னும் கொஞ்சம் மருந்து

இந்த ஒரு பிழையை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அதில் பெரும்பங்கு என்மீதே. மூன்று வாரக் குட்டி அது. கொப்பூழிலிருந்து கல்லீரலுக்குப் போகும் நாளம் சீழ் பிடித்துத் தடித்திருந்தது. லாயத்தைக் கவனித்துக்கொண்ட பெரியவர் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால் எடை போட்டவர். "டாக்டரம்மா, நாப்பத்தஞ்சு கிலோ தாராளமா இருக்கும், நானே தூக்கிப் பாத்தேன்" என்றார். எத்தனையோ ஆண்டுகள் எடை பார்த்த கண் தவறாது என்று நம்பி, கிலோவுக்கு 4 மில்லிகிராம் எனக் கணக்கிட்டு, 2 சதவீத லிக்னோகைன் மரப்பு மருந்தில் 9 மில்லிலிட்டர் செலுத்தினேன். தோலை அறுத்தபோது குட்டி அசையவில்லை. அந்த நாளத்தைப் பிடித்து இழுத்ததும் உதைத்தது. மரப்பு போதவில்லை என்று முடிவு செய்து 5 மில்லிலிட்டர் சேர்த்தேன். மறுபடி இழுத்தேன், மறுபடி உதைத்தது, மறுபடி 5.

சற்று நேரத்தில் உதடு துடித்தது. பிறகு உடல் முழுவதும் வலிப்பு. இதயத்துடிப்பு மந்தமாகிக்கொண்டே போனது. டயாஸெபமும் ஆக்சிஜனும் கொடுத்து, நாற்பது நிமிடம் பையை அழுத்தி மூச்சு ஊட்டியதில் குட்டி பிழைத்தது. ஆனால் சீழ் பிடித்த நாளத்தை முழுவதும் எடுக்காமலே வயிற்றை மூட வேண்டியதாயிற்று. பத்தாம் நாளுக்குள் கிருமி மூட்டுகளுக்குப் பரவி, கடைசியில் அதன் துன்பத்தை நாங்களே முடித்துவைக்க நேர்ந்தது. உர மூட்டை நிறுக்கும் தராசு லாயத்துக்குப் பக்கத்துக் கொட்டகையிலேயே இருந்தது. மறுநாள் குட்டியை அதில் ஏற்றியபோது 32 கிலோ காட்டியது. நான் கொடுத்த 19 மில்லிலிட்டரில் 380 மில்லிகிராம் லிக்னோகைன். அதாவது கிலோவுக்கு ஏறத்தாழ 12. குதிரைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் மேல்வரம்பு 6. இளங்குட்டிக்கு நான் இப்போது 4ஐத் தாண்டுவதில்லை.

எடையைத் தவறாக எடுத்ததுதான் காரணம் என்று பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மைதான். எடை சரியாக இருந்திருந்தாலும் உதைத்தபோது என் கை மருந்துப் புட்டிக்குத்தான் போயிருக்கும். வயிற்றுச் சுவரும் அதன் உட்புறத்தை மூடிய சவ்வும் தரும் வலி, நாம் மருந்து பரப்பிய தளத்தில் ஓடும் நரம்புகள் வழியே செல்கிறது. குடல், குடல் தாங்கி, மூத்திரப்பை, கொப்பூழ் நாளத்தின் உட்பகுதி ஆகியவற்றை இழுக்கும்போது எழும் வலி, தன்னியக்க நரம்புகளோடு வேறு வழியில் போகிறது. சுவரில் எத்தனை மில்லிலிட்டர் ஊற்றினாலும் அந்த வழி அடைபடாது. மருந்து இரத்தத்தில் ஏறுவது மட்டுமே நடக்கும். தோலை அறுத்தபோது அசையாத குட்டி உள்ளுறுப்பை இழுத்தபோது உதைத்தது என்பதே, என் ஊசி நன்றாக வேலை செய்ததற்கான சான்றாக இருந்தது. அதை நான் தோல்வி என்று படித்தேன்.

சென்ற மாதம் அதே கட்டத்தில் "இன்னும் மூணு எம்எல் போடட்டுமா, டாக்டர்?" என்று கேட்டவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை வேறு. அறுப்பவர் இழுப்பதை விட வேண்டும். மயக்கத்தைக் கவனிப்பவர் சிறிதளவு கீட்டமினாலோ பியூட்டர்ஃபனாலாலோ மயக்க வாயுவைக் கூட்டியோ மயக்கத்தை ஆழப்படுத்த வேண்டும். அது பிடித்த பிறகு மெதுவாகத் தொடர வேண்டும். மயக்கம் ஏற்கெனவே ஆழமாக இருக்கும் குட்டியில் நச்சேறினால் வலிப்பு வெளியே தெரியாமலே போகலாம். இரத்த அழுத்தம் விழுவதுதான் முதலில் தெரியும் என்பதையும் அவரிடம் சொன்னேன்.

இப்போது என் வழக்கம் இது. தராசில் ஏற்றாத குட்டிக்கு ஊசி இல்லை. 32 கிலோ என்றால் 128 மில்லிகிராம், 2 சதவீதத்தில் 6.4 மில்லிலிட்டர் என்று பலகையில் மில்லிலிட்டராகவே எழுதிவிடுகிறேன், ஏனெனில் பதற்றத்தில் சதவீதத்தை மில்லிகிராமாக மாற்றும் மூளை யாருக்கும் இருப்பதில்லை. அதை உப்புநீரோடு சரிபாதி கலந்தால் 12.8 மில்லிலிட்டர் ஆகிறது. அதை நான்கு இடத்துக்கும் பகிர்ந்துகொள்ளலாம். நான்கு சிரிஞ்சுகளில் பிரித்து எடுத்தபின் மிச்சப் புட்டியை வெளியே நிற்கும் வண்டிக்கு அனுப்பிவிடுகிறேன். உதவியாளர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. மரப்பு மருந்து நச்சேறினால் ஏற்றுவதற்கு, அன்று என்னிடம் இல்லாத 20 சதவீதக் கொழுப்புக் குழம்பு இப்போது அலமாரியில் இருக்கிறது.

இரண்டு மருந்துக்கு இரண்டு வரம்பு கிடையாது

லிக்னோகைனில் பாதி வரம்பைச் செலவழித்தவருக்கு, இன்னொரு மரப்பு மருந்தான புபிவகைனிலும் பாதிதான் மிச்சம்.

காத்திருக்காமை

லிக்னோகைன் சில நிமிடங்களில் பிடித்துவிடும். புபிவகைனுக்கு இருபது முதல் முப்பது நிமிடம் வேண்டும். ஒரு தே தாரிக் தேநீர் குடித்து முடித்து, கையைக் கழுவிவிட்டு வந்தாலும் நேரம் மிஞ்சும். ஐந்தாம் நிமிடத்தில் கிள்ளிப் பார்த்துவிட்டு மரக்கவில்லை என்று சொல்பவர்கள், மேலே சொன்ன பிழைக்குள் வேறு வாசல் வழியாக நுழைகிறார்கள்.

சைலசின்

இந்த அமைதிப்படுத்தும் மருந்தைத் தாய்க்குக் கொடுங்கள். முதல் சில வாரங்களில் குட்டியின் இரத்த ஓட்டம் இதயத்துடிப்பின் வேகத்தையே பெரிதும் நம்பியிருக்கிறது. அந்த வேகத்தைக் குறைக்கும் மருந்தை அதற்குக் கொடுப்பானேன்? குட்டிக்கு டயாஸெபம் போதும்.

பட்டினி

பால்குடிக் குட்டியைப் பட்டினி போடாதீர்கள், சர்க்கரை இறங்கிவிடும். வாயில் தங்கிய பாலை மட்டும் கழுவிவிடுங்கள்.

எழுந்து நிற்கும் நேரம்

நம் ஊர் வெயிலில் குட்டிக்குக் குளிராது என்பது பிழையான எண்ணம். ஈர வயிறும் குளிர்சாதன அறையும் சேர்ந்தால் ஒரு மணி நேரத்தில் அதன் உடல் சூடு இறங்கிவிடும். துடைத்து, போர்த்தி, ஒருவர் தோளையும் ஒருவர் வாலடியையும் பிடித்தபடி எழுப்புங்கள். மருந்து பின்னால் கசிந்திருந்தால் ஒரு பின்னங்கால் சிறிது நேரம் மடங்கக்கூடும். நான்கு காலும் உறுதியாக ஊன்றும்வரை தாயை அருகே விடாதீர்கள். தாய் பரபரத்து மோதினால் தையல் பிரியும். அதன்பின் குட்டி மடியைத் தேடிச் சப்பிக் குடிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நான் வண்டியில் ஏறுவது.