சொகுசுக் கப்பலில் மாலை உடை: எந்த இரவுக்கு எவ்வளவு?

கப்பல் பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது எல்லோருக்கும் கவலை அந்த ஒன்றிரண்டு கோட்டு-சூட்டு இரவுகளைப் பற்றித்தான். ஆனால் சாப்பாட்டு அறை வாசலில் சங்கடம் வருவது பெரும்பாலும் மற்ற இரவுகளில். ‘இன்று சாதாரண நாள்தானே’ என்று நீச்சல் குளத்திலிருந்து அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக நேரே சாப்பிடக் கிளம்புகிறவரைத்தான் வாசலில் நிற்பவர் பணிவாகத் திருப்பி அனுப்புவார். விசேஷ இரவுக்கு ஒரு செட் உடை போதும், அதற்கு என்ன வேண்டும் என்பதும் தெளிவாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. மீதி இரவுகளுக்குத்தான் கொஞ்சம் யோசித்து எடுத்துவைக்க வேண்டும்.

முதலில் எந்தக் கம்பெனி என்று பாருங்கள்

உடை விதி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நார்வீஜியன் கப்பல்களில் கட்டாய ஃபார்மல் இரவே கிடையாது. வைக்கிங், ஓஷியானியா இரண்டும் விலை உயர்ந்த கப்பல்கள்தான், ஆனாலும் அங்கே ஃபார்மல் இரவு இல்லை. கௌரவமான சட்டை, பேன்ட் போதும். ‘காசு அதிகம் என்றால் கோட்டும் கட்டாயம்’ என்ற கணக்கு இங்கே தப்பாகிவிடும்.

கார்னிவலில் 2 முதல் 5 நாள் பயணத்துக்கு ஓர் இரவும், 6 நாளுக்கு மேல் இரண்டு இரவும் ‘குரூஸ் எலிகன்ட்’ என்று வைப்பது வழக்கம். பிரின்செஸில் 7 முதல் 13 இரவுப் பயணத்துக்குப் பொதுவாக இரண்டு ஃபார்மல் இரவுகள். செலிபிரிட்டி இதையே ‘ஈவினிங் சிக்’ என்கிறது. பெயர் எதுவானாலும் இந்த அமெரிக்கக் கம்பெனிகளில் நடைமுறை ஒன்றுதான்: ஆண்களுக்குக் கோட்டு இருந்தால் நல்லது, நல்ல முழுக்கைச் சட்டையும் துணி பேன்ட்டும் இருந்தால் யாரும் தடுக்கமாட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் மூன்று, நான்கு இரவுப் பயணங்களுக்கும், சென்னையிலிருந்து கிளம்பும் குறுகிய பயணங்களுக்கும் கோட்டுக்காகப் பெட்டியில் இடம் ஒதுக்கத் தேவையில்லை.

விதி உண்மையிலேயே விதியாக இருப்பது குனார்டு கம்பெனியில். 2004 முதல் ஓடும் குயின் மேரி 2 கப்பலில் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஏழு இரவுகள் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பயணத்துக்குச் சரியாகப் பெட்டி கட்டத் தெரிந்தால் வேறு எந்தக் கப்பலுக்கும் அதிலிருந்து சில உருப்படிகளைக் கழித்தால் போதும். அதனால் இனி வருவதெல்லாம் அதை வைத்துத்தான்.

ஏழு இரவுக் கணக்கு

ஏழில் வழக்கமாக இரண்டு ‘காலா’ இரவுகள், அதாவது முழு உடை கேட்கும் விசேஷ இரவுகள். மீதி ஐந்தும் ‘ஸ்மார்ட்’ இரவுகள், சாதாரணமாகவே ஆனால் நேர்த்தியாக உடுத்துவது. மாலை 6 மணிக்கு விதி தொடங்கும். பகலில் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். எந்தத் தேதி காலா என்பது கிளம்பும் முன்பே உங்கள் முன்பதிவுப் பக்கத்தில் தெரியும். கப்பலில் கேபினுக்கு வரும் தினசரி நிகழ்ச்சி நிரலிலும் இருக்கும். காலா பெரும்பாலும் முழுநாளும் கடலில் இருக்கும் நாளில்தான் வரும், ஏறும் நாளிலும் இறங்குவதற்கு முந்தைய இரவிலும் வராது. பெட்டிகள் வந்து சேராத நேரத்திலும், திரும்பக் கட்டிவைக்கிற நேரத்திலும் யாரிடமும் சூட் கேட்க முடியாதல்லவா!

காலா இரவுகளுக்குக் கறுப்பு-வெள்ளை, முகமூடி, சிவப்பு-தங்கம் என்று ஏதாவது ஒரு கருப்பொருள் வைப்பார்கள். அது விருப்பம்தான். முகமூடிக்கென்று தனியாகக் காசு செலவழிக்க வேண்டாம். கருப்பொருளை மதிக்காதவரை யாரும் வெளியே நிறுத்துவதில்லை, உடைத் தரத்தை மதிக்காதவரைத்தான்.

உடுத்த மனமில்லாத இரவில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கிங்ஸ் கோர்ட் பஃபே, கோல்டன் லயன் பப், கரின்தியா லவுஞ்ச் ஆகிய இடங்களில் காலா இரவிலும் காலர் வைத்த சட்டை, பேன்ட்டோடு உட்காரலாம். பிரிட்டானியா சாப்பாட்டு அறை, குயின்ஸ் ரூம் நடன அரங்கு போன்ற இடங்களுக்குத்தான் முழு உடை. பலர் தவறவிடுவது இதுதான்: விதி சாப்பாட்டோடு முடிவதில்லை. 8 மணிக்குச் சாப்பிட்டு முடித்துக் கேபினுக்குப் போய் டி-ஷர்ட் மாற்றிக்கொண்டு வந்தால், அதன் பிறகு அந்த உடைக்கான இடங்களில்தான் இருக்க முடியும்.

ஆண்களுக்கு

காலா இரவுக்கு டக்சிடோ வேண்டும் என்று பயந்து வாங்கிவிடாதீர்கள். டக்சிடோ, டின்னர் ஜாக்கெட், அல்லது டையோ போ டையோ கட்டிய அடர்நிறச் சூட் — மூன்றும் ஏற்கப்படும். ஏற்கெனவே கல்யாண வரவேற்புக்குத் தைத்த கருநீல அல்லது கரிச்சாம்பல் சூட் இருந்தால் வேலை முடிந்தது. அரக்கு நிறம், பளபளக்கும் சாம்பல், கல் பதித்த மார்பு மடிப்பு (லேபல்) எல்லாம் மேடைக்கு அழகு. அங்கே ஆயிரம் கறுப்புச் சூட்டுகளுக்கு நடுவே பாட்டுக் கச்சேரிக்கு வந்தவர் போலத் தெரிவீர்கள்.

டக்சிடோவே போடுவது என்று முடிவு செய்தால் பாதியில் நிறுத்தாதீர்கள். அதன் மார்பு மடிப்பில் பளபளப்பான சாட்டின் துணி இருக்கும், பேன்ட்டின் பக்கவாட்டில் அதே துணியில் ஒரு கோடு ஓடும். அதோடு நீளமான டை சேராது, போ டைதான். பெல்ட்டும் கிடையாது, பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை என்றால் தோளில் மாட்டும் தொங்குபட்டை (சஸ்பெண்டர்) போடுங்கள், அல்லது தையல்காரரிடம் பிடித்து வாங்குங்கள். இடுப்பில் கம்மர்பண்ட் என்ற அகலமான மடிப்புப் பட்டை கட்டினால் மடிப்புகள் மேல்நோக்கித் திறந்திருக்க வேண்டும். தலைகீழாகக் கட்டிய கம்மர்பண்டைப் புகைப்படங்களில் ஏராளமாகப் பார்க்கலாம்.

அளவில் மூன்று இடங்களைப் பாருங்கள். தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும், ஏனென்றால் அதை மட்டும் பிறகு திருத்துவது கடினம். கோட்டுக் கைக்குக் கீழே சட்டை ஒரு சென்டிமீட்டர் அல்லது கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம். பேன்ட் ஷூ மேல் ஒரே ஒரு மடிப்போடு விழ வேண்டும். குதிகாலுக்குக் கீழே போனால் கப்பல் படிகளில் மிதித்து விழுவீர்கள். கோட்டின் கடைசிப் பித்தானைப் போடவே கூடாது. உட்காரும்போது மேல் பித்தானையும் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் வயிற்றருகே துணி இழுபடும்.

ஒரு சூட் இரண்டு காலா இரவுக்கும் போதும். சட்டையும் டையும் மாறினால் சரி. வெள்ளைச் சட்டை இரண்டு எடுங்கள். கறுப்புத் தோல் ஷூ ஒரு ஜோடி. புது ஷூவாக இருந்தால் வீட்டிலேயே சில நாள் போட்டுப் பழக்குங்கள்.

இனி அந்த ஐந்து ஸ்மார்ட் இரவுகள். கோட்டு, டை கட்டாயமில்லை. காலர் வைத்த சட்டை மூன்று, துணி பேன்ட் இரண்டு, இவற்றை மாற்றி மாற்றிப் போட்டால் ஐந்து இரவும் ஓடிவிடும். சூட்டின் கோட்டையே வேறு பேன்ட்டோடு ஒருநாள் போடலாம் என்ற ஆசை வரும். கருநீலமாக இருந்தால் தப்பித்துக்கொள்ளும். கோடு போட்ட சூட் துணியாக இருந்தால் தனியாகத் தெரிந்துவிடும். அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன், கிழிசல் ஜீன்ஸ், கடற்கரைச் செருப்பு நான்கும் 6 மணிக்குப் பிறகு வேண்டாம்.

வேட்டி கட்டலாமா?

தேசிய உடையை குனார்டு காலா இரவில் ஏற்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் கில்ட் என்ற கட்டம் போட்ட பாவாடை அணிந்து வருவார்கள். அந்தக் கணக்கில் கழுத்து மூடிய இந்தியக் கோட்டான பந்த்கலா எந்தக் கேள்வியும் இல்லாமல் உள்ளே போகும், நம்மவர்களுக்கு அதுவே ஆகச் சுலபமான வழி. பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, அங்கவஸ்திரமும் தேசிய உடைதான், ஆனால் வாசலில் நிற்பவர் அதைப் பார்த்திருக்காமல் இருக்கலாம். கிளம்பும் முன் ஒரு படத்தோடு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை போனில் வைத்துக்கொள்ளுங்கள். வேட்டிக்குத் தடை போடும் மன்றங்களுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2014-ல் சட்டமே வந்தது. பெர்முடாவில் பதிவான கப்பலில் அந்தச் சட்டத்தைக் காட்ட முடியாது.

கட்டுவதானால் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டி வேண்டும், உள்ளே பெல்ட்டும் போடுங்கள். அட்லாண்டிக்கில் கப்பல் ஆடும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடிக் கம்பியில் இருக்கும். இன்னொரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் தட்டை யார் பிடிப்பது? காலுக்கு மூடிய தோல் காலணி அல்லது மொஜடி என்ற வடநாட்டுக் காலணி. ரப்பர் செருப்போடு எவ்வளவு விலை உயர்ந்த பட்டும் எடுபடாது.

புடவை, மற்றவை

பெண்களுக்கு இந்த விதியில் கஷ்டமே இல்லை. புடவை எந்தக் காலா இரவுக்கும் போதுமானதற்கு மேல். பிரச்சினை எடையிலும் கசங்கலிலும்தான். கனத்த ஜரிகை போட்ட காஞ்சிபுரம் ஒன்று முக்கால் கிலோவைத் தாண்டலாம், நான்கு எடுத்தால் விமானப் பெட்டி எடையில் நன்றாகவே தெரியும். ஒரு பட்டு, ஒரு ஜார்ஜெட் அல்லது கிரேப் போதும். ஜார்ஜெட் கசங்காது, எடை குறைவு, காற்றில் மட்டும் பறக்கும். முந்தானையை மடித்துத் தோளில் குத்துவதோடு நிறுத்தாமல் பின்பக்கம் ரவிக்கையிலும் ஒரு ஊக்கு குத்துங்கள். கொசுவத்தை உள்ளே செருகும் முன் பாவாடையோடு சேர்த்து ஒன்று.

உயரம் முக்கியம். வெளித்தளத்துக்குப் போகும் கதவுகளில் தண்ணீர் வராமலிருக்க நிலைப்படி உயர்த்தி வைத்திருப்பார்கள். அங்கே கால் தூக்கும்போது கொசுவம் காலில் மாட்டும். தரையிலிருந்து ஒரு விரல் உயரத்தில் கட்டுங்கள், கப்பலில் போடப்போகும் செருப்பைப் போட்டுக்கொண்டே கட்டுங்கள். ஊசிக் குதிகால் வெளித்தளத்துப் பலகை இடுக்கில் சிக்கும், ஆடும் தரையில் கணுக்காலைத் திருப்பும். கட்டைக் குதிகால் நல்லது. கையில் பிடிக்கும் கிளட்ச்சைவிட மணிக்கட்டில் மாட்டும் சின்னப் பை உதவும். கை காலியாக இருக்க வேண்டும், கம்பியைப் பிடிக்க.

சாப்பாட்டு அறையில் குளிர்சாதனம் தாராளமாக இருக்கும். கையில்லாத ரவிக்கை என்றால் ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்மார்ட் இரவுகளுக்குச் சல்வார் செட் மூன்று போதும். சிறுமிகளுக்குப் பட்டுப்பாவாடை, சிறுவர்களுக்கு வெள்ளைச் சட்டையும் கறுப்பு பேன்ட்டும் போதும். வளரும் பிள்ளைக்குச் சூட் வாங்குவது காசுக்குக் கேடு.

மடிப்பதும் இஸ்திரியும்

கோட்டை மடிக்கும் முறை: ஒரு தோளை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். மற்றத் தோளைத் திருப்பாமல் அதற்குள் நுழைத்துவிடுங்கள். இப்போது உள்துணி வெளியே இருக்கும். இரண்டு கைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும்படி நீவிவிட்டு, சலவைக் கடை பாலித்தீன் உறைக்குள் போட்டுக் குறுக்கே ஒரே மடிப்பாகப் பெட்டியின் மேல்பகுதியில் வையுங்கள். உறை இருந்தால் துணி வழுக்கும். துணியும் துணியும் உரசுவதால்தான் கசங்கல் விழுகிறது. பட்டுப்புடவையை ஜரிகை உள்பக்கம் போகும்படி மடித்து, மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

இஸ்திரிப் பெட்டியை வீட்டிலிருந்து கொண்டு போகாதீர்கள். தீ விபத்துக்குப் பயந்து கேபினில் அதற்குத் தடை, பல கம்பெனிகளில் கையடக்க ஸ்டீமருக்கும் தடை. பரிசோதனையில் எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். குயின் மேரி 2-ல் பயணிகளே பயன்படுத்தும் சலவை அறைகள் இருக்கின்றன, இலவசம், இஸ்திரியும் அங்கேயே. ராயல் கரீபியனில் அப்படிக் கிடையாது, காசு கொடுத்துத்தான் செய்துகொள்ள வேண்டும்.

காலா நாளன்று மாலை 4 மணிக்கு மேல் அந்த அறைக்குப் போனால் வரிசை நிற்கும். காலையிலேயே முடித்துவிடுங்கள். நியூயார்க்கிலிருந்து கிழக்கே வருகிற பயணத்தில் இன்னொரு சிக்கல்: பகல் 12 மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். மதியம் சுருங்கிவிடும். பிரிட்டானியாவில் 6 மணிப் பந்தி எடுத்திருந்தால் தேநீர் முடிந்த கையோடு உடுத்த உட்கார வேண்டியதுதான். 8.30 பந்தியில் இந்த அவசரம் இல்லை.

சூட், ஜார்ஜெட் இரண்டையும் குளியலறையில் மாட்டி வெந்நீரைத் திறந்துவிட்டு, கதவை மூடிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் லேசான கசங்கல் போய்விடும். பட்டுக்கு இதைச் செய்யாதீர்கள். தண்ணீர்த் துளி பட்ட இடம் கறையாக நிற்கும். அதை மறுபக்கம் திருப்பி, மேலே ஒரு பருத்தித் துணி விரித்து, குறைந்த சூட்டில் தேய்க்க வேண்டும்.

முதல் இரவும் கடைசி இரவும்

ஏறும் நாளில் பெரிய பெட்டியைத் துறைமுகத்தில் கொடுத்துவிடுவீர்கள். அது கேபின் வாசலுக்கு வரச் சாயங்காலம் ஆகலாம், சில சமயம் சாப்பாட்டு நேரமும் தாண்டலாம். முதல் இரவுக்கான சட்டை, பேன்ட், சல்வார், மருந்து, நகை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். காலாவுக்கான சூட்டைக்கூடக் கையிலேயே கொண்டுபோகிறவர்கள் உண்டு. விமானத்தில் வந்து ஏறுகிறவர்களுக்கு அது நல்ல பழக்கம், பெட்டி விமான நிலையத்தில் தங்கிவிட்டால் நடுக்கடலில் கறுப்பு சூட் தேடி அலைய வேண்டாம்.

கடைசி இரவு பெட்டியைக் கட்டிக் கேபினுக்கு வெளியே வைத்துவிட வேண்டும், காலையில் கரையில்தான் திரும்பக் கிடைக்கும். வைக்கும் முன் மறுநாள் காலைக்கான சட்டை, பேன்ட், உள்ளாடை, காலணி எல்லாவற்றையும் எடுத்துக் கட்டில் மேல் வையுங்கள். காலணியை மறப்பவர்கள்தான் அதிகம்.